நாத்தி விளக்கு பிடித்தவள்

தென்காசி வட்டாரத்தில் சமீப வருஷங்களில் கல்யாணம் முடித்தவர்கள் பெரும்பாலும் மாரிச்செல்வியைப் பார்த்திருப்பார்கள். கேட்டால் ஞாபகம் இல்லை என்பார்கள். வீடியோ எடுக்கிறவரின் தோளோரத்தில், எல்.இ.டி. விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் அவள்தான். மேடையில் இருப்பவர்களுக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும். அதற்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது தெரியாது. கீழே நாற்காலியில் இருப்பவர்களுக்கோ அவள் ஒரு மறைப்பு. "யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தாலி கட்டுதது தெரியல" என்று பின்னாலிருந்து குரல் வரும். தள்ளி நிற்பாள். தள்ளி நின்ற இடத்தில் வேறொருவர் அதையே சொல்வார்.

பிறந்த ஊர் மேலகரம் பக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் வயல் வேலை. அவளும் நாற்று நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு நாறும்பூநாதன் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கப் போனாள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடுவது, பெரியவர்களின் காலரை நிமிர்த்திவிடுவது என்று வேலை மெல்ல மெல்லக் கேமராவின் பக்கம் நகர்ந்தது. லைட் பிடித்துக்கொண்டிருந்தவன் ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட, அண்ணாச்சி விளக்கை இவள் கையில் திணித்தார். அன்றைக்குப் பிடித்ததுதான்.

"நீ புடிச்சா ஆடாது செல்வி" என்பார் அண்ணாச்சி. "அவன் புடிச்சா மணமேடையில பூகம்பம் வந்த மாதிரில்லா இருக்கும்."

ஸ்டுடியோவுக்கு வரும் கல்யாணங்களில் பாதி மண்டபத்தில் நடப்பவை. மீதி, மலையடிவாரத்துச் சின்னக் கோயில்களில். அதிலும் சில ஜோடிகள் மாலை, தாலி, நாலைந்து சிநேகிதர்கள் என்று ஒரே வேனில் வந்து இறங்கும். வீட்டார் யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஏன் என்று அண்ணாச்சி கேட்பதில்லை. வீடியோ மட்டும் பென் டிரைவிலா ஆல்பத்தோடா என்று கேட்பார். அப்படியொரு கல்யாணத்தில்தான் அது தொடங்கியது.

"மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி யாரு? நாத்தி வெளக்கு யாரு புடிக்கா?" என்று பூசாரி கேட்டார்.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் மணமக்களுக்குப் பின்னால் விளக்கேந்தி நிற்க வேண்டும். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்து முடிச்சுப் போட்டதும், கடைசி முடிச்சு அவளுடையது. தம்பி வீட்டில் அவளுக்கு இருக்கிற அதிகாரமெல்லாம் அந்த முடிச்சில் தொடங்குகிறது. அன்றைக்கு மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாம் மீசை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ஏ செல்வி, அந்த லைட்டை ஸ்டாண்டுல மாட்டிட்டு இந்த வெளக்கைப் புடி" என்றார் அண்ணாச்சி.

"நான் எப்படி அண்ணாச்சி?"

"இது கரண்டு இல்லாத லைட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிடித்தாள். கடைசி முடிச்சையும் போட்டாள். அதற்குப் பிறகு, துணையில்லாமல் வரும் ஜோடி என்றால் பூசாரியே கேட்கத் தொடங்கினார்: "லைட்டுக்கார அம்மா வந்திருக்காவளா?"

இப்படி அவளுக்குத் தம்பிகள் சேர்ந்தார்கள். சுரண்டையில் ஒருவன் வேன் ஓட்டினான். புளியரையில் ஒருவன் ஓட்டல் வைத்திருந்தான். ஒருவன் துபாய்க்குப் போய்விட்டதாகக் கேள்வி. அன்றைக்கு எல்லோரும் கண் கலங்கி "அக்கா, அக்கா" என்றவர்கள்தான். ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனால் அதோடு சரி. ஒருமுறை செங்கோட்டை பஸ்ஸில் அப்படியொருவன், மனைவி, குழந்தையோடு உட்கார்ந்திருந்தான். இவள் பக்கத்தில் போய் நின்று சிரித்தாள். அவன் சட்டென்று எழுந்து, "உக்காருங்கம்மா" என்று இடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பையன். அடையாளம்தான் தெரியவில்லை.

மாரிச்செல்வி கூடப் பிறந்தவர்கள் இல்லாதவள். தைப் பொங்கலுக்கு முந்தின நாட்களில் அவள் தெருவுக்குள் ஆட்டோவும் பைக்கும் கரும்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரும். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, சேலை என்று தங்கச்சிக்கும் அக்காவுக்கும் பொங்கல்படி கொண்டுவருகிற அண்ணன் தம்பிமார்கள். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளுக்கு மூன்று அண்ணன்கள். மூன்று நாளும் கரும்பு வரும். மாரிச்செல்வி அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

"எனக்கு மச்சினன் இல்லாதது எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்பான் அவள் புருஷன் சிவனணைந்தபெருமாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். "கரும்பைக் கொடுத்துட்டு, என் வண்டியைக் கடன் கேப்பான்."

அவள் சிரிப்பாள். கரும்பு கடையில் கிடைக்கிறது. வாசலில் வண்டி வந்து நிற்கும்போது, யார் என்று தெரிந்தும் தெரியாதவள்போல உள்ளே அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்கிற சுகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

இந்த நிலையில்தான் விஜய்பாண்டியின் கல்யாணம் வந்தது.

விஜய்பாண்டி திருவேங்கடத்துக்காரன். தென்காசியில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட, பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன். பெண் உமாதேவி, தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். இரண்டு பக்கமும் பிடிக்காத கல்யாணம். பெரியப்பா வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. பெண் வீட்டிலோ போன்களெல்லாம் சுவிட்ச் ஆஃப். ஆவணி மாதம், விட்டு விட்டுச் சாரல் அடிக்கிற ஒரு காலையில், ஈர வேட்டியோடு அவன் மணையில் உட்கார்ந்திருந்தான். தாலியைக் கையில் எடுத்தவன் பின்னால் திரும்பி, விளக்கோடு நின்ற மாரிச்செல்வியைப் பார்த்தான்.

"யக்கா, பயமா இருக்கு."

"யாருக்குத்தான் பயமில்ல? கட்டுங்க தம்பி. நான் பின்னாடிதான் நிக்கேன்."

கட்டினான். முடிந்ததும், விழுந்து கும்பிடப் பெரியவர்கள் யாருமில்லை என்பதால் இருவரும் அவள் காலிலேயே விழுந்தார்கள். மாரிச்செல்வி பதறிப்போய், பூசாரி தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிவிட்டாள். விஜய்பாண்டி எழுந்திருக்கும்போது அவன் முகமெல்லாம் கண்ணீர்.

"எனக்குப் பொறக்குத புள்ளைக்கு நீங்கதான்க்கா அத்தை. நீங்கதான் காதுல பேரு சொல்லணும்."

"ஏலே, இப்பதான் தாலி ஏறியிருக்கு. அதுக்குள்ள காது குத்துக்கும் மண்டபம் பாத்துருவ போலிருக்கே!" என்றான் சிநேகிதன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். மாரிச்செல்வியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள்.

ஆல்பத்தைக் கொடுக்கப் போன அன்று, உமாதேவி டீ போட்டுக்கொடுத்துவிட்டுத் தன் போனைக் காட்டினாள். விளக்கோடு மாரிச்செல்வி நிற்கிற படம். கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கீக?"

"நம்ம அக்காவோட சிஸ்டர்லி அன்புன்னு எழுதியிருக்கேன்."

"சிஸ்டர் தெரியும். நர்சம்மாவைக் கூப்பிடுவோமே. இது என்ன சிஸ்டர்லி?"

உமாதேவி வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அக்கா தங்கச்சி காட்டுகிற மாதிரியான பாசம். கூடவே இருக்கிறது, பரிந்து பேசுகிறது, தப்புச் செய்தால் திட்டுகிறது, எல்லாம் அதில் வரும். கூடப் பிறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மாரிச்செல்வி டீயை ஆற்றியபடி கேட்டாள். "அப்ப சொந்த அக்காவையும் இப்படித்தான் சொல்லுவாங்களா?"

"சொல்லலாம். தப்பில்ல. ஆனா யாரும் சொல்ல மாட்டாங்கக்கா. சொந்த அக்கா பாசமா இருந்தா அதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு? வேற ஒருத்தங்க அப்படி இருந்தாத்தான் சொல்லத் தோணும்."

அன்றைக்கு அந்தப் பதில் மாரிச்செல்விக்கு உறைக்கவில்லை. புதுச் சேலை கட்டினவள்போல அந்த வார்த்தையோடு ஸ்டுடியோவுக்குப் போனாள். அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "ஏ சிஸ்டர்லி, அந்த வயரை எடு. சிஸ்டர்லி, டீ சொல்லிட்டு வா." வீட்டில் சொன்னபோது சிவனணைந்தபெருமாள், "ஏதோ பிஸ்கட்டுப் பேரு மாதிரில்லா இருக்கு" என்றான்.

அந்தத் தீபாவளிக்கு விஜய்பாண்டி போன் செய்தான். "யக்கா, பலகாரம் சாப்பிட்டியளா?" என்று கேட்டான். 'தம்பி விஜய்' என்று எண்ணைப் பதிந்துவைத்தாள். அடுத்து வந்த பொங்கலுக்கு அவள் கதவைச் சாத்தவில்லை. டி.வி.யும் போடவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் அடுப்படிக்குள் போய் நின்றாள். வண்டிகள் முப்பிடாதியம்மாள் வீட்டோடு நின்றுகொண்டன.

"வேலை இருந்திருக்கும்" என்றாள் புருஷனிடம், அவன் கேட்காமலேயே.

பிறகு போன் குறைந்தது. உமாதேவிக்கு வளைகாப்பு நடந்ததை, அவள் போனில் ஸ்டேட்டஸாக வைத்த படத்தில்தான் மாரிச்செல்வி பார்த்தாள். உமாதேவியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வீடும் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. நல்லதுதானே என்று நினைத்தாள். நல்லதுதான். படத்தைப் பெரிதாக்கி, வளையல் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரத்துல சொல்ல விட்டுப்போயிருக்கும்."

"செல்வி, நீ வெளக்குப் புடிச்ச. கல்யாணம் நடந்துச்சு. அதோட சரி" என்றான் சிவனணைந்தபெருமாள். "நீ லைட்டு புடிச்ச வீடெல்லாம் நமக்குச் சொந்தம்னா, அடுத்த எலக்‌ஷன்ல நான் நிக்கலாம். சொந்தக்காரன் ஓட்டுலயே செயிச்சுருவேன்."

"ஒனக்கு எல்லாம் கேலி."

"கேலி இல்லட்டி. நீ ஏங்குததைப் பாக்க முடியல."

ஆனியில் ஒருநாள் சுந்தரபாண்டியபுரத்தில் வேலை. சூரியகாந்தி அப்போதுதான் முகம் காட்டத் தொடங்கியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க மதுரையிலிருந்து ஒரு ஜோடி வந்து, பூவுக்கு நடுவே கைகோத்து நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று, வெயிலை அவர்கள் முகத்துக்குத் திருப்புகிற வெளிச்சத் தட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மாரிச்செல்வியின் போன் அடித்தது. தம்பி விஜய்.

"யக்கா! பொம்பளப்புள்ள பொறந்திருக்குக்கா! வாற ஞாயித்துக்கெழம பேரு விடுதோம். குத்தாலத்துல, ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ் ஹாலு. நீங்க கண்டிப்பா வந்திரணும். நீங்க இல்லாம நடக்காது. அண்ணாச்சிட்டயும் பேசிட்டேன்."

அண்ணாச்சியையும் அழைத்திருக்கிறான், மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். தட்டி காற்றில் சாய்ந்து, மதுரைப் பெண்ணின் முகத்தில் நிழல் விழுந்தது.

மறுநாள் ஸ்டுடியோவில் சொன்னாள். "அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம குத்தாலத்துல ஒரு விசேஷம் இருக்கு எனக்கு."

"எனக்கும் அங்கனதானே. நான் வெள்ளனப் போயிருவேன். நீ நேரா வந்திரு."

இருவரும் ஒரே விசேஷத்தைத்தான் பேசினார்கள். வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள்.

அத்தைக்காரி வெறுங்கையோடு போகக்கூடாது. வெள்ளியில் ஒரு ஜோடித் தண்டை வாங்கினாள். தன் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். சிவனணைந்தபெருமாள் கேலி பேசாமல் லாட்ஜ் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "போயிட்டு வா, அத்தைக்காரி" என்று மட்டும் சொன்னான்.

சாரல் சீசனின் முதல் ஞாயிறுகளில் ஒன்று. ஐந்தருவிச் சாலை முழுக்க ஈரத் தலையும் துண்டுமாக மனிதர்கள். லாட்ஜுக்குள்ளும் அதே கதைதான். திருவேங்கடத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்த சொந்தக்காரர்கள் பேர் விட வந்தார்களா, குளிக்க வந்தார்களா என்று சொல்ல முடியவில்லை. மாடிப்படிக் கைப்பிடி முழுக்க ஈரத்துணி. ஆண்கள் எண்ணெய் தேய்த்த முதுகோடு சட்டை போடாமல் நடமாடினார்கள்.

"பெரியப்பா எங்கலே?"

"இன்னும் அருவியில கியூவுல நிக்காராம். நல்ல நேரம் முடியுததுக்குள்ள தண்ணி அவரு தலையில விழுதான்னு பாப்போம்."

விஜய்பாண்டி அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான். "வாங்கக்கா! நல்ல வேளை வந்தீங்க. அண்ணாச்சி உங்களைத் தேடிக்கிட்டிருக்காவ." பிறகு அவள் சேலையைப் பார்த்தான். "என்னக்கா, வேற விசேஷத்துக்குப் போயிட்டு வாறியளா?"

அவள் பதில் சொல்வதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். உள்ளே அண்ணாச்சி, "ஹாலு ஒரே இருட்டு செல்வி, மேகம் மூடிக்கிட்டு. புடி, புடி" என்று விளக்கை நீட்டினார். மாரிச்செல்வியின் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. அத்தனை வருஷப் பழக்கம். தண்டைப் பெட்டி இருந்த பையைத் தோளில் மாட்டியபடியே வெளிச்சத்தைத் தூக்கினாள்.

அப்போதும் அவள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. சடங்கு தொடங்கும்வரைதான் இது என்று நினைத்தாள்.

கிழவர் ஒருவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அத்தைக்காரி எங்கப்பா? வரச் சொல்லுங்க" என்றார்.

மாரிச்செல்வி ஓரடி முன்னால் வைத்துவிட்டாள்.

"லைட்டு! லைட்டு ஆடுது!" என்றார் அண்ணாச்சி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஈரம் சொட்டும் கூந்தலை முடிந்தபடி ஒரு பெண் வேகமாக வந்து மணையில் உட்கார்ந்தாள். முத்துலட்சுமி. பெரியப்பா மகள். விஜய்பாண்டி அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். உமாதேவி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். முத்துலட்சுமி குனிந்து, குழந்தையின் காதில் பெயரைச் சொன்னாள். அவள் உதடு அசைவதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது மாரிச்செல்வி மட்டும்தான். வெளிச்சம் பிடித்தவள் அவள்தானே. கோமதி. விஜய்பாண்டியின் அம்மா பெயர். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தபோது குழந்தை முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள். வெளிச்சம் பிறகு ஆடவில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், விளக்கைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தண்டைப் பெட்டியை உமாதேவியின் கையில் கொடுத்தாள்.

"ஐயோ, என்னக்கா இது! வேலைக்கு வந்த இடத்துல இதெல்லாம் எதுக்கு? நீங்க வந்ததே போதும்" என்றாள் உமாதேவி. மனதாரத்தான் சொன்னாள். பக்கத்தில் திரும்பி, "மதினி, எங்க கல்யாணத்துல வெளக்குப் புடிச்சது இவங்கதான். ரொம்ப சிஸ்டர்லி" என்றாள்.

விஜய்பாண்டி பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

முத்துலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த வீடியோவை எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். அன்னைக்கு எங்கப்பா என்னைய வீட்டை விட்டு வெளிய விடல. முடிச்சுப் போட்ட கையைப் பாத்துப் பாத்து, இது என் கையா இருக்க வேண்டியதுன்னு அழுதிருக்கேன்" என்றாள். பிறகு, சொன்னது போதும் என்பதுபோலக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாரிச்செல்விக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. முத்துலட்சுமிக்கு மதினி என்ற ஒரு சொல் போதுமாக இருக்கிறது. அவளை யாரும் சிஸ்டர்லி என்று சொல்லவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொந்தக்காரங்கல்லாம் மொதப் பந்தியில உக்காருங்க! போட்டோக்காரங்க அடுத்த பந்தி!" என்று படியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மாரிச்செல்வி வயரைச் சுருட்டி, அண்ணாச்சியின் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, சாப்பிடாமல் வெளியே நடந்தாள்.

இந்தப் பக்கத்து விசேஷ வீடுகளில் யாராவது ஒரு அக்காவோ தங்கச்சியோ கோபித்துக்கொண்டு போகாமல் பந்தி முடிந்ததில்லை. வெற்றிலைத் தட்டு தனக்கு முன்னால் வேறொருத்திக்குப் போய்விட்டது, வாங்க என்று முகம் பார்த்துச் சொல்லவில்லை, ஏதோ ஒன்று. கை நனைக்காமல் எழுந்து வாசலுக்குப் போவாள். வேகமாகப் போகமாட்டாள். தம்பிக்காரன் பின்னாலேயே ஓடுவான், கையைப் பிடித்து இழுப்பான், அழுவான். அந்தக் காட்சி தொடங்கும்போது அண்ணாச்சி கேமராவை நிறுத்திவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லுவார். அணைத்த விளக்கோடு ஓரமாக நின்று அதையெல்லாம் பார்த்தவள் மாரிச்செல்வி. எப்படி நடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மெதுவாக நடந்தாள். மங்குஸ்தான் கடைகளையும், "யக்கா, சூடா நேந்திரம் சிப்ஸு!" என்ற குரல்களையும் தாண்டி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிற ஒவ்வொரு காலடிக்கும் காது கொடுத்தாள்.

பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. யாரும் வரவில்லை.

ஒரு தென்காசி பஸ் வந்தது. ஏறவில்லை. இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடமிருந்தது.

சாரல் பட்டுச்சேலையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தபோது ஒரு பைக் அவளைத் தாண்டிப் போய், தயங்கித் திரும்பி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய விஜய்பாண்டி. மாரிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யக்கா, இங்கன என்ன செய்யுதிய? அங்க பந்தி நடக்கு. சாப்பிட்டியளா?"

"இல்ல."

"சாப்பிட்டுட்டுப் போங்க. எலை பத்தல, வாங்கத்தான் போறேன்." காலால் கியரைத் தட்டினான்.

அவனுக்குத் தெரியவே இல்லை. கோபித்துக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாவிட்டால் அதற்குப் பெயர் கோபமில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது. வண்டி நகரத் தொடங்கிவிட்டது. இத்தனை நாளும் தம்பி, வாங்க, போங்க என்றே பேசி வந்தவள் வாய் திறந்தாள்.

"ஏலே விஜயி!"

பிரேக் போட்டான்.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டிருக்கேன்."

விஜய்பாண்டி சிரித்துவிட்டான். சிரித்தபடியே அவளைப் பார்த்தான். பட்டுச்சேலையையும் பூவையும் இரண்டாவது முறையாகப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வண்டியை அணைத்தான்.

"யக்கா... பேரு சொல்லுததுக்கு நீங்கன்னு அன்னைக்கு நான்..."

"அதுக்கில்ல. அவதான் முறை. அவதான் சொல்லணும். நான் குறை சொல்ல மாட்டேன்." தலைப்பூவில் விழுந்த சாரலைத் தட்டிவிட்டாள். "வேலைக்கு வந்தவன்னு சொன்னா ஒம் பொண்டாட்டி. நீ பக்கத்துல நின்னு தலையாட்டுத. பட்டுக் கட்டிக்கிட்டு வாறவளைப் பாத்து, வேற எங்கனயும் போயிட்டு வாறியளான்னு கேக்க. ஒனக்கு ஒண்ணும் தோணலியால?"

பொங்கலுக்கு வராததைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். ஒரேயடியாக எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது.

விஜய்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சாரல் அவன் தலையில் வெள்ளையாகப் படிந்தது.

"நான் என்னக்கா செய்யணும்? நெசமாவே எனக்குத் தெரியல. எங்க வீட்டுல கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தவன் நான் ஒருத்தன்தான். என்னைய யாரும் பின்னாடி வந்து கூப்பிடல."

மாரிச்செல்விக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொண்டால் காரியம் கெட்டுவிடும்.

"கூப்பிடணும்" என்றாள்.

"வாங்கக்கா."

அவள் அசையவில்லை.

"கூப்பிட்டுட்டேனே?"

"மொதத் தடவை கூப்பிட்டதும் எவளாவது வருவாளா?"

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. இலைக்குத்தான் இருக்கும். எடுத்துப் பார்த்தான், சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டான். பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "தென்காசி, தென்காசி! யம்மா, ஏறுதியளா இல்லியா?" என்றார்.

"எந்தம்பி கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். நீங்க போங்க" என்றாள் மாரிச்செல்வி.

பஸ் போனது. விஜய்பாண்டி அவள் கையைப் பிடித்தான்.

"வாக்கா. சாப்பிட வா."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வரவும் இல்லை. சாரலில் பாதி மறைந்திருந்த மலையைப் பார்த்தபடி, இன்னொரு தடவை கேட்பதற்காக நின்றுகொண்டிருந்தாள்.